பாத்திரத்தில் பேர் வெட்டச் சொல்லி இப்போது யாரும் கேட்பதில்லை. சேலத்தில் வீட்டுச் சாமான் வாங்குவது எப்படி மாறியிருக்கிறது?

கடைவீதிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். சேலம் கடைவீதியில் அப்பா காலத்திலிருந்து பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். நான் கல்லாவில் உட்கார்ந்து 22 வருஷம் ஆகிறது. ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இங்கே வாங்குகிறவர்களும் இருக்கிறீர்கள், விற்கிறவர்களும் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

கடை வாசலில் பேர் வெட்டும் மிஷின் ஒன்று இருக்கிறது. பேனா மாதிரி பிடித்தால் சர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு புள்ளி புள்ளியாக எழுத்தைக் குத்திக்கொண்டே போகும். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு சொம்பு வாங்கினால்கூட பேர் வெட்டாமல் யாரும் படி இறங்கியதில்லை. இனிஷியல், பேர், ஊர், சீர்ப் பாத்திரமாக இருந்தால் கல்யாணத் தேதி. ஏனென்றால் பாத்திரம் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்ததில்லை. பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு அண்டா போகும், நோன்பு நாளில் தூக்குப்போசி நாலு வீட்டுக்குப் போய்விட்டு வரும், பேர் இருந்தால்தான் நம்முடையது நம்மிடம் வந்து சேரும். போன மாதம் முழுக்க அந்த மிஷினை நான் கையில் எடுத்தது ஒன்பது தடவை.

வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்ப வரவில்லை. கூட்டம் வருகிறது, பணமும் செலவழிக்கிறார்கள். ஆனால் வாங்குகிற சாமான் வேறு, கேட்கிற கேள்வி வேறு. போன வாரம் ஓர் அம்மாவும் கல்யாணம் ஆகப்போகிற பெண்ணும் சீர்ச் சாமான் எடுக்க வந்தார்கள். அம்மா கையில் அவருக்கு அவர் அம்மா போட்ட அதே பட்டியல். அண்டா, குண்டா, தவலை, தாம்பாளம் மூன்று அளவு, வட்டில் ஒரு டஜன், இட்லிக் குண்டான், குத்துவிளக்கு. பெண் ஒவ்வொன்றையும் எடுத்து விட்டத்தை அளந்து பார்த்துவிட்டு "அம்மா, இது எங்கே வைக்கிறது?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்ணின் போனில் புது வீட்டுச் சமையலறை டிராயரின் உள்ளளவு இருந்தது, உயரம் ஆறு அங்குலம். கடைசியில் அண்டாவில் பெரியதை விட்டுவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று நிற்கிற ஒரே அளவு டப்பா பன்னிரண்டும் அடி தட்டையான மூன்று பாத்திரமும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

என் கணிப்பு என்னவென்றால், ஜனங்களின் ரசனை மாறிவிட்டது என்று பேசுகிறோமே, அது பாதிதான் உண்மை. மாறியது வீடு. பட்டியல் பழைய வீட்டுக்குப் போட்டது, குடியிருப்பது புது வீட்டில். உங்கள் அனுபவம் என்ன?


மூன்றாவது மாடி

அண்ணா, அந்தப் பெண் நானாகவே இருக்கலாம், அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் கல்யாணம் ஆகி பத்து வருஷம். ஃபேர்லேண்ட்ஸில் அபார்ட்மென்ட். சீர்ப் பாத்திரத்தில் முக்கால்வாசி சாக்கில் கட்டி பரண்மேல் இருக்கிறது, இன்னும் அந்த ஸ்டிக்கர்கூடப் பிரிக்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை போகிக்கு இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றுவோம். எடைக்குப் போட்டு வேறு வாங்கலாம் என்றால் அம்மா முகம் வாடிவிடுகிறது. அதனால் வைத்திருக்கிறேன்.

ஆனால் இடம் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். காலை ஏழேகாலுக்குள் மூன்று டப்பா கட்டியாக வேண்டும். கழுவ எளிதாக இருக்க வேண்டும், ஒரே பாத்திரத்தில் தாளித்து அதிலேயே வேகவைத்து அப்படியே மேசைக்கு வர வேண்டும். அடுப்பில் ஒன்று, இன்டக்‌ஷனில் ஒன்று என்று ஓடுகிறது, அதனால் இரண்டிலும் வைக்க முடியாத பாத்திரத்தை நான் கையில்கூட எடுப்பதில்லை. போன வருஷம் ஒரு தளத்தில் படத்தைப் பார்த்து ஒரு வடச்சட்டி வாங்கினேன், இரண்டே மாதத்தில் அடி வளைந்து இன்டக்‌ஷன்மேல் ஆடத் தொடங்கிவிட்டது. அப்புறம் மூன்று அடுக்கு உலோகம் என்கிறார்களே, இரண்டு எவர்சில்வர் தகட்டுக்கு நடுவில் அலுமினியம் வைத்து அழுத்தியது, அதை வாங்கினேன். விலை இரண்டரை மடங்கு. ஆனால் அடி பிடிப்பதில்லை, வளையவும் இல்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இது எதனால் செய்தது, எத்தனை நாள் வரும் என்று விற்கிறவர் வாயால் சொல்ல வேண்டும். முக்கால்வாசிக் கடையில் அதற்குப் பதில் "நல்ல குவாலிட்டிங்க" என்பதோடு முடிந்துவிடுகிறது.


அஞ்சுரோடு தம்பி

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக்கருத்து இருக்கிறது. வீடு மாறியது என்கிறீர்கள் அண்ணா, எங்களுக்கு வீடே கிடையாது, வாடகை. சேலத்தில் இரண்டு வருஷம், ஓசூரில் ஒன்றரை வருஷம், இப்போது மறுபடி சேலம். ஒவ்வொரு முறை சாமான் ஏற்றி இறக்கும்போதும் என்ன உடையும், எது லாரியில் இடத்தை அடைக்கும் என்பதுதான் கணக்கு. அப்பா எனக்குத் தேக்குக் கட்டில் போட்டுத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா. அதை மூன்றாவது மாடிக்கு ஏற்ற ஆறு ஆள் வேண்டும். போல்ட் கழற்றிப் பிரித்து மாட்டுகிற இரும்புக் கட்டில் வாங்கினேன், சுருட்டி அட்டைப்பெட்டியில் வருகிற ஃபோம் மெத்தை வாங்கினேன், இரண்டும் மாதத் தவணையில்.

ஐகியா என்ற ஃபர்னிச்சர் கம்பெனி 2018ல் ஹைதராபாத்தில் கடை திறந்தபோது எல்லோரும் ஸ்வீடன்காரன் டிசைனைப் பற்றிப் பேசினார்கள். 2022ல் பெங்களூரு நாகசந்திராவில் திறந்த பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். எனக்குப் பட்டது டிசைன் இல்லை. அலமாரியைப் பலகை பலகையாகத் தட்டையான பெட்டியில் கட்டி, நாமே மாட்டிக்கொள்கிற மாதிரி கொடுக்கிறார்கள். அது என்னை மாதிரி ஊர் மாறுகிறவனுக்குப் போட்ட கணக்கு. பணம் ஒரு காரணம், ஆனால் மலிவாக வேண்டும் என்பதால் மட்டும் வாங்குவதில்லை. அடுத்த வருஷம் எங்கே இருப்போம் என்று தெரியாதவன் முப்பது வருஷத்துக்கு வரும் சாமானை எப்படி வாங்குவான்?


தச்சுப்பட்டறை

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஒரு ஆசாரியாக நான் சொல்ல வேண்டியதும் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொண்டலாம்பட்டி பக்கம் பட்டறை. எங்கள் அப்பா கட்டில், பீரோ, ஊஞ்சல் எல்லாம் மரத்திலேயே செய்தவர். இப்போது எனக்கு வருகிற மர வேலை தலைவாசலும் பூஜையறைக் கதவும்தான். அதற்கு மட்டும் எவ்வளவு ஆனாலும் தேக்குதான் வேண்டும் என்று நிற்கிறார்கள், நிலை வைக்கிற அன்றைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறார்கள். வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் எல்லாம் பலகை. சமையலறை, அலமாரி, டிவி வைக்கிற இடம், கட்டில் எல்லாமே. அதில் தப்பு ஒன்றும் இல்லை, மரம் விற்கிற விலைக்கு வேறு என்ன செய்வது. ஆனால் பலகை என்றால் எல்லாம் ஒரே பலகை இல்லை. அங்கேதான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள்.

மேலே ஒட்டுகிற மைக்காவைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். உள்ளே மூன்று விதம் இருக்கலாம். மெல்லிய மரத்தாளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி ஒட்டினால் பிளைவுட். மர நாரை மாவு மாதிரி அரைத்து அழுத்தினால் எம்.டி.எஃப். மரச்சில்லும் தூளும் பசையில் பிசைந்து அழுத்தினால் பார்ட்டிகிள் போர்டு. ரெடிமேடாகக் குறைந்த விலையில் கிடைக்கிற அலமாரி, கம்ப்யூட்டர் டேபிள் பெரும்பாலும் கடைசி ரகம். அதை வைத்து நடமாட்டமில்லாத, காய்ந்த அறையில் பயன்படுத்தினால் ஓடும். சிங்க்குக்குக் கீழே வைத்தால் ஓடாது.

என் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு நான் ஒன்று செய்து காட்டுவேன். மூன்று ரகத்திலும் கையகலத் துண்டு வெட்டி ஒரு தட்டில் விரல்கட்டை ஆழம் தண்ணீர் ஊற்றி நிற்க வைப்பேன். மறுநாள் காலையில் வந்து பார்க்கச் சொல்வேன். பார்ட்டிகிள் போர்டு அடிப்பக்கம் ஊறிய ரஸ்க் மாதிரி பொங்கி இருக்கும், நகத்தால் கீறினாலே தூளாக வரும். எம்.டி.எஃப் விளிம்பு தடித்து வாய் பிளந்திருக்கும். நல்ல பிளைவுட் துண்டு துடைத்துவிட்டால் போட்ட மாதிரியே இருக்கும். அதைப் பார்த்த பிறகு யாருக்கும் நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

பிளைவுட்டிலும் ஐ.எஸ். என்கிற இந்தியத் தர நம்பரைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்று இருந்தால் அறைக்குள் ஈரக்காற்று தாங்கும் வீட்டு ரகம். ஐ.எஸ். 710 என்று இருந்தால் அது கொதிக்கிற தண்ணீரில் 72 மணி நேரம் வைத்துச் சோதிக்கிற ரகம், சமையலறைக்கும் குளியலறைப் பக்கத்துக்கும் அதுதான். முத்திரை பலகையின் மேலேயே அச்சடித்திருக்கும், மைக்கா ஒட்டுவதற்கு முன்னால் போய்ப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டின பிறகு கடவுளுக்குத்தான் தெரியும். அப்புறம் விளிம்பு. நாலு பக்கமும் பட்டை ஒட்டியிருக்கிறதா, முக்கியமாகக் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கமும் பின்பக்கமும். தண்ணீர் அங்கேதான் ஏறுகிறது.


ஏற்காடு மேகமூட்டம்

ஐயா, நீங்கள் சொன்னதை நாலு வருஷம் முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் என் பணம் மிஞ்சியிருக்கும்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டி மூன்று அறை விடுகிறோம். கீழே சேலத்தில் இருக்கிற காற்று வேறு, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் இருக்கிற காற்று வேறு. மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாகவே உள்ளே வரும், துணி மூன்று நாள் காயாது. நான் மூன்று அறைக்கும் அழகான வெள்ளை அலமாரி ஆன்லைனில் வாங்கினேன், படம் அவ்வளவு நன்றாக இருந்தது. இரண்டாவது ஐப்பசியில் கதவு சாத்தவில்லை. பலகை உப்பி, கீல் பிடித்திருந்த ஸ்குரூ மாவில் குத்தின மாதிரி கையோடு வந்துவிட்டது. திருகி மாட்டினால் பிடிப்பு இல்லை. விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன், ஈரத்தால் வந்த சேதத்துக்கு வாரன்டி இல்லை என்று பதில் வந்தது.

இப்போது கதவில்லாத திறந்த தட்டு வைத்துவிட்டேன், மரம் சில்வர் ஓக். காப்பிக்கு நிழலுக்கும் மிளகுக்கொடி ஏற்றவும் இங்கே எல்லாத் தோட்டத்திலும் நிற்கிற மரம்தான். அறுத்ததும் வேலை செய்தால் முறுக்கிக்கொள்ளும், அதனால் ஒரு வருஷம் போல நிழலில் அடுக்கிக் காயவைத்து அப்புறம் செய்தோம். நாற்காலி எல்லாம் பிரம்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தங்க வருகிறவர்கள் அறையைப் போட்டோ பார்த்துத்தான் தேர்வு செய்கிறார்கள். வெள்ளை விரிப்பு, மஞ்சள் விளக்கு, மூலையில் ஒரு செடி. வந்து தங்கிவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர் "இந்த விளக்கு எங்கே வாங்கினீர்கள், எங்கள் வீட்டுக்கும் வாங்க வேண்டும்" என்று கேட்கிறார்கள். வீட்டையே தங்கும் விடுதி மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை நிறைய வந்திருக்கிறது. அதனால் ரசனை மாறவில்லை என்று கடைவீதி அண்ணன் சொல்வதை நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன்.


அம்மாபேட்டை தறி

வெள்ளை விரிப்பு என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் பக்கம் பட்டுத் தறிதான், ஆனால் சொந்தக்காரர்கள் கரூரில் வீட்டு ஜவுளியில் இருக்கிறார்கள், நான் அங்கேயிருந்து விரிப்பும் துண்டும் எடுத்து வந்து விற்கிறேன்.

முன்பு விரிப்பு வாங்க வந்தால் துணியைக் கசக்கிப் பார்ப்பார்கள், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நெருக்கம் பார்ப்பார்கள், சாயம் போகுமா என்று எச்சில் தொட்டுத் தேய்ப்பார்கள். இப்போது கேட்பது கட்டில் அளவு, நாலு மூலையிலும் எலாஸ்டிக் இருக்கிறதா, தலையணை உறை எத்தனை. அதன்பின் ஆன்லைனில் பாதி விலைக்கு இருக்கிறதே என்று போனைக் காட்டுவார்கள். காட்டுகிற படத்துக்குக் கீழே "காட்டன் ஃபீல்" என்று எழுதியிருக்கும். காட்டன் என்று இல்லை, காட்டன் மாதிரி என்று. அது பாலியஸ்டர். சேலத்து வெயிலில் சித்திரை மாதம் அதில் படுத்துப் பாருங்கள், முதுகு நனைந்துவிடும்.

சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூல் உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பல் உதிரும். பாலியஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகிவிடும்.

வீட்டுக்கு விருந்தாளி வந்து தங்குவது குறைந்ததும் ஒரு பெரிய மாற்றம். பவானி ஜமுக்காளம் பெரியது ஒன்று இருந்தால் பத்துப் பேர் படுக்கலாம். அதை இப்போது கேட்பது மண்டபக்காரர்கள்தான். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் சின்னதாக, கட்டிலுக்குப் பக்கத்தில் கால் வைக்க ஒன்று என்று கேட்கிறார்கள்.


பெரியம்மா

நான் 64 வயது, குகைப் பக்கம். எங்கள் வீட்டுக்கு முதல் மிக்சியும் கிரைண்டரும் 2011ல் ஜெயலலிதா அரசு கொடுத்ததுதான், அதுவரை ஆட்டுக்கல்லும் அம்மியும். அவை இரண்டும் இப்போது மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. இப்போது என் பேத்தி போனில் பார்த்துவிட்டு இரும்புத் தோசைக்கல் வேண்டும், பித்தளைப் பாத்திரம் வேண்டும், மண்சட்டி வேண்டும் என்கிறாள். நல்ல விஷயம்தான். ஆனால் தோசைக்கல்லைப் பழக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. வாங்கிய அன்றே மாவை ஊற்றி, ஒட்டிக்கொண்டதும் சோப்புப் போட்டு ஊறவைத்துத் துருப்பிடிக்க விட்டுவிட்டாள். நான் தேய்த்துக் கழுவி மூன்று நாள் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி வைத்து, அப்புறம் நல்லெண்ணெய் தடவித் தடவிச் சூடாக்கி, வெங்காயத்தை வெட்டித் தேய்த்துச் சரி செய்தேன். இப்போது அதில் தோசை அப்படியே எழுந்து வருகிறது.

பித்தளை வாங்குகிறவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஈயம் (வெள்ளீயம், காரீயம் இல்லை) பூசாத பித்தளையில் புளிக்குழம்பு, ரசம், மோர் எதையும் வைக்கக் கூடாது, களிம்பு ஏறிவிடும். முன்பு தெருவிலேயே ஈயம் பூசுகிறவர் வருவார். இப்போது தேடிப்போக வேண்டியிருக்கிறது. கடைக்காரத் தம்பி இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.


ஸ்டீல் பிளாண்ட் ஓய்வு

பெரியம்மா சொன்னது சரி. எவர்சில்வரைப் பற்றி நான் ஒன்று சேர்க்கிறேன். சேலம் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆலை 1981ல் ஓடத் தொடங்கியது, இந்த ஊர்ப் பேரே ஒரு தர முத்திரை மாதிரி ஆகிவிட்டது. ஆனால் கடைகளில் இன்னும் காந்தம் வைத்துப் பார்க்கிறார்கள். ஒட்டாவிட்டால் அசல் என்று சொல்லி விற்கிறார்கள், அது பாதி உண்மை.

பதினெட்டுக்கு எட்டு என்கிறோமே, 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், அது 304 என்கிற கிரேடு. காந்தம் ஒட்டாது. நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்வது 202 மாதிரியான 200 வரிசை. அதிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. உப்பு, புளி தொடர்ந்து படுகிற இடத்தில் 202 சீக்கிரம் புள்ளி புள்ளியாகக் கறைபிடிக்கும். இன்னொரு பக்கம், 430 என்று நிக்கல் இல்லாத ரகம் இருக்கிறது, அதில் காந்தம் நன்றாக ஒட்டும், அதற்காக அது போலி ஆகிவிடாது. இன்டக்‌ஷன் பாத்திரத்துக்கு அடியில் அந்த மாதிரி காந்தம் ஒட்டுகிற தகடுதான் வேண்டும்.


மூன்றாவது மாடி

ஐயா, இதை இதுவரை எனக்கு யாருமே சொன்னதில்லை. நான் காந்தத்தைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறேன். அப்படியானால் நாங்கள் எதை வைத்துத்தான் கண்டுபிடிப்பது?


கடைவீதிக்காரன்

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். 2024ல் மத்திய அரசு எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது. எவர்சில்வருக்கு ஐ.எஸ். 14756, அலுமினியத்துக்கு ஐ.எஸ். 1660. முத்திரையைப் பாருங்கள், பில்லில் கிரேடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும். விலையைப் பொறுத்தவரை 2025 செப்டம்பர் 22 முதல் பாத்திரத்துக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, பழைய விலை சொன்னால் கேளுங்கள். மர ஃபர்னிச்சருக்கு 18 அப்படியேதான் இருக்கிறது, மூங்கில் பிரம்பு சாமானுக்கு 5.

அஞ்சுரோடு தம்பி, நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். வீடு மாறியது என்று நான் சொன்னேன், வீடே நிலையில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். பேர் வெட்டாததற்குக் காரணம் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அடுத்த வீட்டோடு பாத்திரம் கொடுத்து வாங்குகிற அளவுக்கு ஒரு தெருவில் தங்குவதில்லை. ஏற்காட்டுக்காரர் ரசனையைப் பற்றிச் சொன்னதும் சரிதான், நான் பாத்திரக்கடையிலிருந்தே பார்த்துவிட்டேன்.

ஆனால் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கேட்டிருக்கிறீர்கள். பலகையோ, துணியோ, தகடோ, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல் என்கிறீர்கள். எங்கள் கடையிலேயே இரண்டு ரகமும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன, விலை வித்தியாசத்துக்குக் காரணம் கேட்டால் பையன்கள் "இது வெயிட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நேற்று தட்டுகளைப் பிரித்து அடுக்கிவிட்டோம். ஒவ்வொரு தட்டிலும் 304, 202, அடியில் என்ன, எத்தனை கிராம், இன்டக்‌ஷனுக்கு ஆகுமா என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பித்தளைப் பக்கம் "ஈயம் பூசியது", "பூசாதது, சமைக்க வேண்டாம்" என்று. முதல் நாளே ஒருவர் 202 தட்டைப் படித்துவிட்டு, தண்ணீர் குடிக்கத்தானே, இது போதும் என்று அரை டஜன் டம்ளர் எடுத்துக்கொண்டு போனார்.


தச்சுப்பட்டறை

நல்ல காரியம். சீர் எடுக்க வருகிறவர்களிடம் டிராயர் அளவையும் கேளுங்கள். நான் அலமாரி அடிக்கும்போது எந்தப் பாத்திரம் உள்ளே போகும் என்று கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை, இனிமேல் உங்கள் கடைக்கு அனுப்புகிறேன், டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தால் அதற்குத் தகுந்த மாதிரி தட்டு அடித்துத் தருகிறேன்.


மூன்றாவது மாடி

அண்ணா, இன்னும் ஒரு சந்தேகம். பையன் மூன்றாம் வகுப்பு. இந்த வருஷம் மட்டும் இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு டப்பா மூடியும் பள்ளியில் தொலைத்துவிட்டான். வகுப்பில் எல்லோரிடமும் ஒரே மாதிரி எவர்சில்வர் பாட்டில். ஸ்டிக்கர் ஒட்டினால் ஒரே வாரத்தில் உரிந்துவிடுகிறது. உங்கள் மிஷினில் அதில் பேர் வெட்ட முடியுமா? சூடு தாங்கும் பாட்டில், இரட்டைச் சுவர்.


கடைவீதிக்காரன்

வெட்டலாம் அம்மா. இரட்டைச் சுவர் பாட்டிலில் வெளித்தகடு மெல்லியது, நடுவில் காற்றை உறிஞ்சி மூடியிருப்பார்கள், ஆழமாகக் குத்தி ஓட்டை விழுந்துவிட்டால் சூடு நிற்காது. அதனால் அடிப்பக்க விளிம்புக்கு மேலே மெல்லக் கீறி எழுதித் தருகிறேன். பெயின்ட் அடித்த பாட்டிலாக இருந்தால் எழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் உரியும், பரவாயில்லை என்றால் கொண்டு வாருங்கள். மூடியையும் டப்பாவையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள், மூடிதான் முதலில் தொலையும். எங்கே வாங்கியதாக இருந்தாலும் சரி, காசு வேண்டாம். ஞாயிறு மதியம் வரைதான் கடை, மற்ற நாள் இரவு ஒன்பது வரை இருப்பேன்.